நீதிபதிக்கு நினைவு மலர்: மணிக்கூண்டை விட்டுப் பதிவறைக்குப் போங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் மாவட்ட முன்சீப்பாக (கீழ்நிலை உரிமையியல் நீதிபதியாக) இருந்து, பிறகு அதற்கு மேல்நிலையான சார்பு நீதிபதியாக ஓய்வுபெற்று, இங்கேயே வீடு கட்டிக் குடியிருந்தவர் இரண்டு மாதம் முன்பு காலமானார். ஓய்வுக்குப் பின் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) உட்கார்ந்து பல குடும்பத் தகராறுகளைச் சமாதானமாக முடித்துவைத்தவர். மணிக்கூண்டு அருகே சிலை, கோர்ட் ஹாலில் படம், ஒரு நினைவு மலர் என்று பேசுகிறோம். ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. எப்படிச் செய்யலாம் ஐயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: சிலையை இப்போதே மறந்துவிடுங்கள். பொதுச் சாலை, நடைபாதை, மக்கள் புழங்கும் பொது இடங்களில் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு வெண்கலச் சிலையும் வராது. சிமெண்ட்டில் செய்தால் மூக்கு யாருடையதாகவோ இருக்கும்.

கோர்ட் ஹாலில் படமும் நடக்காது. காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு படங்கள் வைக்க வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றப் பதிவாளர் 2023 ஜூலையில் சுற்றறிக்கை அனுப்பினார். அம்பேத்கர் படத்தை ஒட்டிப் பெரிய சர்ச்சை எழுந்து, அவர் படம் அகற்றப்படாது என்று அரசு விளக்கம் சொல்லும்படி ஆனது. அதற்குப் பிறகு புதிதாக ஒரு படத்துக்கு மனுப் போட்டு மாவட்ட நீதிபதியைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். வீட்டிலோ ஊர் நூலகத்திலோ படத்திறப்பு வைத்துக்கொள்ளலாம். நூலகம் என்றால் நூலகரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

வக்கீல் சங்கம் ரெஃபரன்ஸ், அதாவது கோர்ட்டில் இரங்கல் கூட்டம், நடத்தியதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இப்போதும் நடத்தலாம். சங்கச் செயலாளர் நீதிபதியிடம் சொல்லி, கோர்ட் வேலை முடிந்தபின் எல்லோரும் கூடி, இரங்கல் தீர்மானம் வாசித்து, இரண்டு நிமிடம் மௌனமாக நின்று, தீர்மான நகலைக் குடும்பத்துக்கு அனுப்புவது வழக்கம். அன்றைக்கு ‘பணியிலிருந்து விலகியிருப்போம்’ என்று யாராவது எழுந்தால் தடுத்துவிடுங்கள். வாய்தாவுக்காகப் பஸ் ஏறி வந்த கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பி ஒரு நீதிபதிக்கு அஞ்சலி செலுத்துவது என்ன கணக்கு?

மலர்தான் செய்ய வேண்டிய வேலை, ஆனால் அது தவறிப்போவதும் சுலபம். முப்பது வருஷம் கோர்ட்டில் இருந்து சிரஸ்தாராக (கோர்ட் தலைமை எழுத்தராக) வெளியே வந்தவன் நான். எத்தனையோ நினைவேந்தல் பார்த்துவிட்டேன். ஒரு கூட்டத்தில் ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் “நேர்மையின் சிகரம்” என்றார்கள். எட்டாவதாக ஒரு பழைய அமீனா (கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) எழுந்தார். “ஐயா வெளியூர்ச் சாட்சியை முதலில் கூப்பிடுவார். சாட்சிப் படியை அன்றைக்கே கொடுக்கச் சொல்வார். ஒரு கிழவிக்குக் கடைசி பஸ் போய்விடுமென்று அவள் வழக்கை முன்னால் எடுத்தார்” என்றார். அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. உங்கள் மலருக்கு இந்த மாதிரி பத்து பேர் சொன்னது கிடைத்தால் போதும்.

அடுத்து அவர் எழுதிய தீர்ப்புகள். சமீப வருஷத்துத் தீர்ப்புகள் பல இ-கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற இணையதளத்தில் கிடைக்கும். பழையதற்கு வழக்கு எண் வேண்டும். அதை வக்கீல் குமாஸ்தாக்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். எண் கிடைத்ததும் காரணத்தை விளக்கிப் பிரமாணப் பத்திரத்தோடு நகல் மனுப் போடுங்கள். வழக்கில் தொடர்பில்லாத மூன்றாம் நபர் என்பதால் அனுமதி கோர்ட்டின் கையில். தள்ளிப்போடாதீர்கள்: கெடு முடிந்த வழக்குக் கட்டுகளைப் பதிவறையில் (பழைய ஆவணங்கள் இருக்கும் அறையில்) அழித்துக்கொண்டே இருப்பார்கள். மேல்முறையீட்டில் அவர் தீர்ப்பு மாற்றப்பட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். படிக்கிறவருக்கு நம்பிக்கை வருவது அங்கேதான்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. பெயரை நீக்கினால் மட்டும் போதாது; ஊரும் உறவும் சேர்ந்தால் தெரிந்துவிடும். லோக் அதாலத்தில் சமாதானமான கணவன், மனைவி பெயரையும் போடாதீர்கள். சண்டை முடிந்து சேர்ந்து வாழ்கிறவர்கள் வீட்டில் அந்த மலர் எதற்கு?

பதவிப் பெயரிலும் கவனம். ‘நீதியரசர்’ என்பது உயர் நீதிமன்ற நீதிபதிக்குச் சொல்வது. ‘சார்பு நீதிபதி’ என்றே போடுங்கள், அது குறைவில்லை. எந்த ஊரில் எந்த ஆண்டு என்பதைக் குடும்பத்தார் நினைவிலிருந்து எழுத வேண்டாம். அவர் வைத்திருந்த நியமன, இடமாற்ற உத்தரவுகளைக் கேட்டு வாங்குங்கள். அவர் எதிர்த்தும் ஒதுக்கியும் வந்த சாதிப் பட்டம் ஏதாவது இருந்தால் அதைப் பெயரோடு ஒட்டிவிடாதீர்கள்.

உங்கள் மண்ணிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். வேதநாயகம் பிள்ளை தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப்பாக இருந்தவர். 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட்டு (அன்றைய மேல் கோர்ட்டு) தீர்ப்புகளைத் தமிழாக்கி அச்சிட்டார். 1876-78 பஞ்சத்தில் தன் சொத்தைக் கொட்டிக் கஞ்சி ஊற்றினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் கீர்த்தனை பாடினார். 1889-இல் இறந்தவரை இன்றும் ‘மாயூரம் முன்சீப்’ என்றே சொல்கிறோம். பதவியே பெயராகிவிட்டது.

பணத்துக்கு என் யோசனை: ஐம்பதாயிரம் மலருக்கு. ஒரு லட்சத்தை வைப்புத்தொகையாக்குங்கள், 6.5 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 6,500 ரூபாய். அதில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆண்டுக்கொரு சட்ட விழிப்புணர்வுச் சொற்பொழிவு நடத்தலாம். யார் பெயரில் கணக்கு, வட்டி எதற்கு என்று கல்லூரியோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் நீதிபதியிடம் வேலை பார்த்த பெஞ்ச் கிளார்க்கை (கோர்ட் ஹாலில் அவருக்கு உதவிய எழுத்தரை) தேடிப் பிடியுங்கள். வயதாகியிருக்கும். காலையில் காப்பிக்குப் பிறகு போனால் நன்றாகப் பேசுவார். ஒலிப்பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டுக் கைபேசியை மேசைமேல் வையுங்கள்.