இழுவைக்கும் அன்றாட ஓட்டத்துக்கும் ஒரே வண்டி போதுமா?

கேள்வி: கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) வசிக்கிறோம். மூன்று ஏக்கரில் கேரட்டும் பூண்டும் பயிர் செய்கிறோம். வீட்டில் உள்ள சிறிய ஆட்டோமேட்டிக் காரை என் மனைவி குன்னூருக்கு வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார். பிள்ளைகளைத் தினமும் பள்ளியில் விடவும், அம்மாவை மாதம் ஒருமுறை கோவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், அறுவடை நாட்களில் 12 மூட்டை கேரட்டை டிரெய்லரில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கவும் இரண்டாவது வண்டி ஒன்று வாங்க எண்ணுகிறேன். தெரிந்த பட்டறைக்காரர் பழைய இரு சக்கர டிரெய்லர் ஒன்றை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். கையில் 7 லட்சம் ரூபாய் இருக்கிறது. பொலேரோ, தார், ஜிம்னி, பழைய கமாண்டர் ஜீப் ஆகியவற்றில் எதை வாங்கலாம்? முதல் கார் வழியில் நின்றுவிட்டால் இந்த வண்டியில் கயிறு கட்டி இழுத்து வரலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான்கு வண்டிகளின் பெயர்கள் இருக்கின்றன, சுமையின் எடை ஓரிடத்திலும் இல்லை. மூட்டைக்கு 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் 12 மூட்டை 720 கிலோ ஆகிறது. இரும்புச் சட்டம் வைத்துக் கட்டிய வெறும் டிரெய்லர் 250 கிலோவாவது இருக்கும் என்பதால், வண்டியின் பின்னால் தொங்கப் போவது ஏறத்தாழ ஒரு டன். பட்டறைக்காரர் வாய்மொழியாகச் சொல்லும் எடையை நம்பாமல், டிரெய்லரை எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

இந்த ஒரு டன்னை மேலே இழுப்பதைவிடக் கீழே இறக்குவதுதான் கடினம். மண்டிக்குப் போகும்போது பாரத்தோடு இறங்கி, வரும்போது காலியாக ஏறும் உங்களைப் போன்றவர்கள் இழுவைத் திறனைப் பற்றி மட்டும் விசாரிப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையிலான சுமார் 33 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். வண்டி, டிரெய்லர், ஓட்டுநர் எல்லாம் சேர்ந்து 2,700 கிலோ என்றால், அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் வீட்டு மின் கணக்கில் 11 யூனிட்டுக்குச் சமம். அதாவது ஒரு கிலோவாட் வாட்டர் ஹீட்டரைப் பதினொரு மணி நேரம் எரிய விட்டதற்கு ஒப்பானது. டயரின் உராய்வும் காற்றும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதியைத் தாங்க வேண்டியவை இன்ஜினும் பிரேக்கும் மட்டுமே.

பட்டறை டிரெய்லர்கள் பலவற்றில் தனி பிரேக் இருப்பதில்லை. ஐரோப்பாவில் தனி பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் சுமையோ அதையும் மீறுகிறது. கொண்டை ஊசி வளைவில் முன்வண்டி பிரேக் போட்டு வேகம் குறையும்போது, பிரேக் இல்லாத டிரெய்லர் அதைப் பின்னாலிருந்து தள்ளும். தரை ஈரமாக இருந்தால் வண்டியின் வால் வெளிப்பக்கம் நழுவி, டிரெய்லரும் வண்டியும் கத்தரிக்கோல் மடிவது போல மடிந்துவிடும். ஒரு மழை நாளில் குஞ்சப்பனைக்கு மேலே அப்படி மடிந்து நின்ற ஜீப்பைப் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக மலைப்பக்கம் சாய்ந்திருந்தது. சாலை முழுவதும் முட்டைக்கோஸ் உருண்டு கிடந்தது.

எனவே பிரேக் இல்லாத அந்த டிரெய்லரை, எவ்வளவு மலிவானாலும், மண்டிப் பயணத்துக்கு வாங்காதீர்கள். அது பதிவு செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் டிரெய்லரும் அடங்குவதால், ஆர்.சி. இல்லாத டிரெய்லர் பொதுச் சாலையில் வரவே கூடாது. காப்பீட்டிலும் அது தனியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரும் நாளில் மூன்றாம் நபருக்கான இழப்பீடு உங்கள் தலையில் விழக்கூடும். வண்டியின் பின்னால் கொக்கி வைப்பதும் அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்தும் மாற்றங்களுக்குள் வரலாம் என்பதால், வெல்டிங் வைப்பதற்கு முன்பு ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வண்டிகளுக்கு வருவோம். முன்சக்கர இழுவை கொண்ட கார்கள் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. கொக்கியில் அழுத்தும் பாரம் வண்டியின் பின்பகுதியைத் தாழ்த்தி முன்பகுதியைத் தூக்குவதால், ஈரமான ஏற்றத்தில் இழுக்க வேண்டிய சக்கரங்களே வழுக்கிச் சுழலும். ஜிம்னி நல்ல மலை வண்டி. நான்கு சக்கர இழுவையும் லோ கியரும் அதில் உண்டு. ஆனால் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கிறது. அந்த வண்டியின் 134 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கோத்தகிரி உயரத்தில் இன்னும் குறையும். எடை குறைந்த வண்டி என்பதால் ஒரு டன் டிரெய்லர் அதை ஆட்டிவைக்கும். தார் இழுக்கும், நிறுத்தும். ஆனால் முதுகுவலியுள்ள ஒரு மூதாட்டியை மூன்று கதவுத் தாரின் பின் இருக்கையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். கமாண்டர் ஜீப் எனக்கும் பிடித்த வண்டிதான். பிள்ளைகளை ஏற்றித் தினமும் ஓட்ட ஏர்பேக் இல்லாத வண்டியை நான் சொல்ல மாட்டேன். தவிரவும் 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மிஞ்சுவது பொலேரோ. பின்சக்கர இழுவை, தனி இரும்புச் சட்டகத்தின் மேல் அமைந்த உடல், 1.5 லிட்டர் டர்போ டீசல், 210 நியூட்டன் மீட்டர் என அதன் குணங்கள் உங்கள் தேவைக்குப் பொருந்துகின்றன. இருக்கை வசதியிலும் சத்தத்திலும் அது சுகமான வண்டி அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் 2022 அல்லது அதற்குப் பிந்தையதைத் தேடுங்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2021 டிசம்பர் இறுதியோடுதான். விலை பேசும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 4 மீட்டருக்கு உட்பட்ட, 1,500 சி.சி. வரையிலான டீசல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புது பொலேரோவின் விலையே இறங்கியிருக்கும்போது, பழைய விலைப் பட்டியலைக் காட்டி உயர்த்திக் கேட்பவரிடம் தயங்காமல் குறைத்துக் கேட்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 (புகை மாசு விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினோடு பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர் போய் வருவதோடு நின்றால் அந்தக் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறுவது போன்ற நீண்ட ஓட்டம் அதற்குத் தேவை. மாதம் ஒருமுறை கோவை போய் வருவது மட்டும் அதற்குப் போதாது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது விடியற்காலையில், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் போய் நில்லுங்கள். ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டு வண்டி நகராமல் நிற்கிறதா என்று சோதியுங்கள். அதே ஏற்றத்தில் கிளட்சை விட்டு எடுக்கும்போது கருகல் வாடை வந்தால், கிளட்ச் பிளேட் செலவை விலையில் கழியுங்கள். கீழே படுத்து, பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால், ஏற்கெனவே யாரோ பாரம் இழுத்துத் தேய்த்த வண்டி. பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று கேட்க மறக்காதீர்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது: புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸில் கொதிக்குமென்றால், ஈரம் ஏறிய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. மூடுபனியில் வாழும் நாம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். கோவையிலிருந்து வாங்கினால் உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆம் எண் படிவங்களோடு, கடன் முடிந்ததற்கான 35 ஆம் எண் படிவமும் கையில் வந்த பிறகே முழுப் பணத்தைக் கொடுங்கள்.

என் சொந்தத் தீர்ப்பு உங்களுக்குச் சற்றுக் கசக்கலாம். ஆண்டில் எத்தனை நாள் மண்டிக்குப் போகிறீர்கள் என்று நாட்காட்டியில் எண்ணிப் பாருங்கள். முப்பது, நாற்பது நாளுக்குள் அடங்கினால், அந்த நாட்களுக்கு வாடகைப் பிக்கப் பிடிப்பதே மேல். பாரத்துக்கெனவே பிரேக் அமைந்த வண்டியும், அந்தச் சாலையில் பாரத்தோடு பழகிய ஓட்டுநரும் அந்த வாடகையில் அடக்கம். பொலேரோவை அன்றாடத்துக்கு வைத்துக்கொண்டு, டிரெய்லர் வேண்டுமானால் பதிவும் காப்பீடும் செய்து, தனி பிரேக் உள்ளதாக வாங்கி, 300 கிலோவுக்குள் எருவும் விதை மூட்டையும் தோட்டத்துக்குக் கொண்டுபோக மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கும் முன்பாக வண்டியின் கையேட்டைத் திறந்து, டிரெய்லர் இழுப்பது பற்றி நிறுவனம் என்ன சொல்கிறது என்று படியுங்கள். பழுதான வண்டியை இழுத்துச் செல்வது பற்றிய பக்கம் வேறு, டிரெய்லர் இழுப்பது பற்றிய பக்கம் வேறு; பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கயிறு கட்டி இழுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் முதல் கார் ஆட்டோமேட்டிக் என்பதால் வேண்டாம். இன்ஜின் ஓடாத நிலையில் பல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்குள் ஆயில் சுற்றாது. இழுக்கும் சக்கரங்கள் தரையில் உருண்டால் கியர்பாக்ஸ் தேய்ந்து, சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய பழுது பெருஞ்செலவாகிவிடும். இன்ஜின் நின்ற காரில் பிரேக்கை மிதிக்கவும் ஸ்டீயரிங்கைத் திருப்பவும் பல மடங்கு பலம் வேண்டும் என்பதால், இறக்கத்தில் அது முன்வண்டியில் போய் மோதும். சக்கரங்களைத் தூக்கி ஏற்றும் மீட்பு வண்டியை அழையுங்கள். உங்கள் காப்பீட்டில் சாலையோர உதவி சேர்ந்திருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.