கோலியஸும் கோடை வெயிலும்: வண்ண இலைகளுக்காக வளர்க்கும் செடி பற்றி வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் கோலியஸ் வாடுகிறது. என்ன செய்ய வேண்டும்? (ஊர் எழுதவில்லை)

தொட்டியா, தரையா? வெயிலா, நிழலா? தண்ணீர் எப்போது ஊற்றினீர்கள்? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் இருந்தும் மாலையில் இலை நிமிரவில்லை என்றால் பெரும்பாலும் வேர் அழுகல்தான். நல்ல நுனிகளை வெட்டிப் புது மண்ணில் நட்டுவிடுங்கள்.

நுனியில் ஊதா நிறப் பூங்கதிர் வருகிறது. விட்டுவிடலாமா? (திருச்சி)

கிள்ளி எறியுங்கள். பூக்க விட்டால் இலை சிறுத்துச் செடி ஒல்லியாக நீளும்.

'நல்ல வெயிலில் வையுங்கள்' என்று சொல்லி நர்சரியில் கொடுத்தார்கள். மொட்டை மாடியில் வைத்த சில நாட்களிலேயே இலைகள் வெளுத்து ஓரம் கருகிவிட்டன. (மதுரை)

கோடை வந்தால் இந்தக் கடிதமும் வந்துவிடுகிறது. அந்தச் செடி அதுவரை எங்கே வளர்ந்தது என்று கேட்டீர்களா? பச்சை நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த இலை மெல்லியது. அதைச் சித்திரை வெயிலில் ஒரே நாளில் தூக்கி வைத்தால் கருகத்தான் செய்யும். வாங்கியவரைவிட விற்றவர் மீதுதான் எனக்குக் கோபம். ரகம் எது என்று சொல்வதில்லை, பழக்கிக் கொடுப்பதும் இல்லை. விதையில் வரும் பழைய ரகங்கள் பெரும்பாலும் அரை நிழலைத்தான் விரும்பும். வெயிலுக்கென்று தேர்ந்தெடுத்தவை, தண்டு வெட்டிப் பெருக்கும் ரகங்கள். அவற்றிலும் கருஞ்சிவப்பு இலைகள் ஓரளவு தாங்கும். வெள்ளையும் வெளிர்மஞ்சளும் கலந்தவை சீக்கிரம் கருகும். வெளிநாட்டு விதை உறையில் 'முழு வெயில்' என்று அச்சிட்டிருப்பது குளிர்நாட்டு வெயிலைப் பற்றியது, மதுரை வெயிலைப் பற்றியது அல்ல.

இப்போது செடியை வெளிச்சமான நிழலுக்கு மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து, காலை வெயிலை ஒரு மணி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். நம் ஊர்க் கோடையில் காலை பத்து, பத்தரை வரை போதும். சிமெண்ட் தரையின் சூடு வேருக்கு ஆகாது. தொட்டியைச் செங்கல் மேல் வையுங்கள். வெளுத்த இலை பழைய நிறத்துக்குத் திரும்பாது, புதுத் தளிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பயந்துபோய் இருட்டு மூலையிலும் வைத்துவிடாதீர்கள், அங்கே நிறம் மங்கிப் பச்சை ஏறிவிடும்.

நிறம் ஏற யூரியா போடலாமா? (சேலம்)

கூடாது. தழைச்சத்து அதிகமானால் பச்சைதான் ஏறும். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

தண்ணீரில் வேர் பிடிக்குமா? (கோவை)

பிடிக்கும். நான்கு அங்குலத் தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, நிழலில் வையுங்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். பத்து நாளில் வேர் தெரியும். வேர் ஓர் அங்குலம் ஆனதும் நட்டுவிடுங்கள். புதுச்செடிக்கும் காலை வெயிலை மெல்லத்தான் பழக்க வேண்டும்.

விதை தூவினேன், முளைக்கவில்லை. (தஞ்சாவூர்)

மேலே மண் போட்டு மூடியிருப்பீர்கள். கோலியஸ் விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈர மண்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும்.

இலைக்காம்பில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. (புதுச்சேரி)

மாவுப்பூச்சி. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். மாலையில் மட்டும், வெயிலில் தெளித்தால் பூச்சிக்கு முன்னால் இலை கருகும்.