கையெழுத்தில்லாத பழைய உருவப்படம்: முதலில் பின்பக்கம் பாருங்கள்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில ஏலத்தில் வாங்கிய கையெழுத்தில்லாத பெண் உருவப்படம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க உருவப்பட ஓவியர் அம்மி பிலிப்ஸ் வரைந்ததா, ஈரப் பஞ்சால் துடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து துடைக்காதீர்கள். அழுக்கோடு மெல்லிய வண்ணப் பூச்சும் கிளம்பி வந்துவிடலாம்.

படத்தைத் திருப்பி, துணியின் பின்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். பெயர், ஆண்டு எல்லாம் அங்கே எழுதியிருக்க வாய்ப்புண்டு. பின்னால் புதுத் துணி ஒட்டியிருந்தால் அந்த எழுத்து அதற்கடியில் மறைந்திருக்கும்.

பிலிப்ஸ் (1788–1865) கையெழுத்திட்டது அபூர்வம். அதனால்தான் அவர் படங்கள் 'பார்டர் லிம்னர்', 'கென்ட் லிம்னர்' (லிம்னர் என்றால் உருவப்படம் வரைபவர்) என்று இரண்டு வேறு ஓவியர்கள் கணக்கில் கிடந்தன. சேகரிப்பாளர்களான ஹோல்ட்ரிட்ஜ் தம்பதி விடாமல் தேடிய பிறகே இருவரும் ஒருவர்தான் என்று தெரிந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது! 1830களில் அவர் வரைந்த பெண்கள் லேசாக முன்சாய்ந்திருப்பார்கள். இருண்ட பின்னணி, மடிப்பு அதிகம் தெரியாமல் ஒரே நிறப் பரப்பாக உடை. உங்கள் படத்தின் சிவப்பு உடையும் அப்படித்தான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்று ஏலக்காரரிடம் கேளுங்கள். அப்புறம் பழைய ஓவியங்களைச் செப்பனிடும் ஒருவரிடம் காட்டுங்கள்.