மானிட்டரில் எந்த எண் கண்ணுக்கு நல்லது?

கேள்வி: வயது 47. வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். 27 அங்குல மானிட்டர் வாங்கியதிலிருந்து மாலையானால் கண் எரிகிறது, பின்கழுத்தில் ஆரம்பித்துத் தலை வலிக்கிறது. திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற எண்ணை மகன் 60 ஹெர்ட்ஸிலிருந்து 75 ஆக்கினான். டைமிங் எண்களையும் மாற்றிப் பார்த்தான். ஒருமுறை திரையே கறுத்துப்போனது. எதை வைத்தால் கண்ணுக்கு நல்லது? தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியான புரோக்ரசிவ் போடுகிறேன்.
– வாசகி, ஈசூன்

பதில்: திரை கறுத்ததற்குப் பயப்பட வேண்டாம். மானிட்டரால் ஏற்க முடியாத எண்ணைக் கொடுத்தால் படம் வராது, அவ்வளவுதான். விண்டோஸில் எதையும் தொடாமல் 15 விநாடி இருந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

அந்த டைமிங் எண்களெல்லாம் குண்டு மானிட்டர் காலத்து மிச்சம். எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை வரைந்துவிட்டு அடுத்த வரிக்குத் திரும்ப அவகாசம் வேண்டியிருந்தது; அந்த அவகாசத்தைச் சொல்பவைதான் அவை. அந்த மானிட்டரில் 60 ஹெர்ட்ஸ் வைத்தால் படம் துடிப்பது பலருக்குத் தெரியும். 85 வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். இப்போதைய எல்சிடியில் படம் அப்படி அணைந்து எரிவதில்லை. அதனால் 60 வைத்தாலும் 75 வைத்தாலும் கண்ணுக்கு ஒன்றுதான். 75 வைத்தால் மவுஸ் அம்பு கொஞ்சம் வழுக்கிக்கொண்டு ஓடும். டைமிங்கை ஆட்டோவிலேயே விடச் சொல்லுங்கள்.

துடிப்பு வேறு இடத்திலிருந்து வரலாம். சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது பின்விளக்கையே வேகமாக அணைத்து அணைத்து எரிய விடும். கைபேசிக் கேமராவைத் திரைக்கு நேரே பிடியுங்கள். கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தால் பிரைட்னஸைக் கொஞ்சம் கூட்டி, அறை விளக்கையும் போட்டு வேலை செய்யுங்கள்.

ஆனால் என் சந்தேகம் உங்கள் கண்ணாடி மேல்தான். புரோக்ரசிவில் கிட்டப் பார்வைக்கான பவர் கீழே இருக்கிறது. உயரமான திரையைப் படிக்க உங்களை அறியாமலே முகவாயைத் தூக்குவீர்கள். நாள் முழுக்க அண்ணாந்து உட்கார்ந்தால் பின்கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? வேலை நடுவே மகனைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி இறக்குங்கள். அப்புறம், கண்ணிலிருந்து திரைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து குறித்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போங்கள். அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி செய்து தருவார்கள்.

எரிச்சல் பெரும்பாலும் வறட்சியால் வருவது. திரையைப் பார்க்கும்போது இமைப்பது பாதியாகவோ அதைவிடவும் குறைவாகவோ ஆகிவிடுகிறது. ஏர்கான் காற்று முகத்தில் அடித்தால் கேட்கவே வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, எதிர் புளோக்கில் கழியில் காயும் துணியை 20 விநாடி பார்த்துக்கொண்டே நன்றாகக் கண்ணை மூடித் திறங்கள். தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் இல்லாத கண்ணீர்ச் சொட்டு மருந்து விடலாம்.

இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். கண்ணுக்குள் மின்னல் போல வெட்டினாலோ, திடீரெனக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, திரைச்சீலை விழுந்ததுபோல் பார்வையின் ஒரு பக்கம் மறைத்தாலோ அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வைக் கோளாறு (மைனஸ் பவர்) அதிகம் உள்ளவர் என்றால் இதில் தாமதம் கூடவே கூடாது.