கேள்வி – பதில்: கல்லூரி மேடையும் ஒத்திகைக் கூடமும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி கல்லூரிகளின் முத்தமிழ் விழாக்கள், நாடகப் போட்டிகள், பேச்சு மேடைகள் ஆகியவற்றைப் பற்றியே இருந்தமையால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் அறிவியல் பிரிவு மாணவர்கள் எட்டுப் பேர். இளைஞர் விழாவில் ஓரங்க நாடகம் போட விரும்புகிறோம். எங்களில் யாருக்கும் மேடை அனுபவம் இல்லை. மூன்று வாரங்களே உள்ளன. எந்த மாதிரி நாடகத்தை எடுக்கலாம்? எங்கிருந்து தொடங்குவது?
– இயற்பியல் இரண்டாமாண்டு மாணவி

பதில்: அனுபவம் இல்லை என்பதை ஒரு குறையைப் போல எழுதியிருக்கிறீர்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891ஆம் ஆண்டில் தம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. அதற்குச் சில காலம் முன்புவரை தமிழ் நாடகத்தை மதிக்காதிருந்த அவரை மாற்றியது, சென்னைக்கு வந்த ஒரு தெலுங்கு நாடகக் குழுவின் நடிப்பு. படித்தவர்கள் மேடையேறுவதை இழிவாகக் கருதிய காலத்தில், நாடகத்தைத் தொழிலாகக் கொள்ளாத இளைஞர்கள் கூடி உருவாக்கிய சபை அது. ஆகவே நீங்கள் எட்டுப் பேரும் ஒரு நல்ல மரபில்தான் கால் வைக்கிறீர்கள்.

நாடகத்தைத் தேர்ந்தெடுக்கையில் ஒரே இடம், ஒரே பொழுது, நான்கைந்து பாத்திரங்கள் என்ற எல்லைக்குள் நில்லுங்கள். நீங்களே எழுதுவதானாலும் இதே எல்லை போதும். கல்லூரி நாடகங்களில் நான் அடிக்கடி காணும் தவறு, நாட்டின் எல்லாச் சிக்கல்களையும் அரை மணி நேரத்தில் தீர்க்க முற்படுவதாகும். முதற்காட்சியில் வரதட்சணை, இரண்டாம் காட்சியில் குடிப்பழக்கம், மூன்றாவதில் கைப்பேசி, இறுதியில் எல்லோரும் வரிசையாக நின்று உறுதிமொழி. தேர்வுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாளன்று அலுவலகச் சன்னல் மூடப்படுவதற்குப் பத்து நிமிடங்களுக்கு முன், கையில் பணம் குறைவாக இருக்கும் ஒருத்தியும் அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் நால்வரும் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் வறுமையும் நட்பும் கூச்சமும் பொய்யும் தாமாகவே வந்து சேர்ந்துவிடும்.

முதல் வாரத்தில் நடிக்கவே வேண்டாம். வட்டமாக உட்கார்ந்து பிரதியை வாசியுங்கள். ஒவ்வொரு நாளும் பாத்திரங்களை மாற்றி மாற்றி வாசியுங்கள். முதல் நாளிலேயே யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவு செய்துவிட்டால், ஒவ்வொருவரும் தம் வசனம் வரும் இடத்துக்காக மட்டும் காத்திருப்பார்களே ஒழிய, மற்றவர் பேசுவதைக் கேட்கமாட்டார்கள். மேடையில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பொம்மைகளாக நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாம் வாரத்தில் எழுந்து நடக்கத் தொடங்குங்கள். இங்கே உங்களுக்குத் துணையாக, உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பற்றிப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பரிந்துரைக்கிறேன். தேர்வுக்குப் படிக்கும் பகுதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். நடிகருக்கு அதைவிடப் பயன்படும் பகுதி தமிழில் குறைவு என்பது என் கருத்து. நகை முதல் உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் தொல்காப்பியர், ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்பதையும் சொல்கிறார். அழுகை என்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கால் வருவது. ஒரு மாணவனிடம் "அழு" என்றால் அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு தோளைக் குலுக்குவான். "இது எந்த அழுகை?" என்று கேட்டால் அவன் உடலே மாறும். பிறர் இகழ்ந்ததால் அழுபவன் பார்வைகளிலிருந்து ஒளிய முயல்கிறான். ஒருவரை இழந்து அழுபவனின் கை எதையோ தேடுகிறது. முன்பிருந்த நிலை கெட்டு வருந்துபவன் அழுகையை மறைக்கவே பாடுபடுகிறான். வறுமையால் அழுபவளிடம் அழுவதற்கான நேரமும் இருப்பதில்லை. உங்கள் நாடகத்தில் கோபமோ சிரிப்போ வரும் இடங்கள் அனைத்தையும் இதே கேள்வியால் சோதித்துப் பாருங்கள்.

மூன்றாம் வாரம் முழு ஒத்திகைகளுக்கு உரியது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் இளைஞர் விழாக்களில் ஓரங்க நாடகத்துக்கு 30 நிமிடமும் குறுநாடகத்துக்கு 10 நிமிடமும் வழக்கம். உங்கள் விழாவின் விதியை அமைப்பாளர்களிடம் எழுத்திலேயே கேட்டுப் பெறுங்கள். முப்பது நிமிடம் என்றால், கடிகாரத்தை வைத்து இருபத்தாறு நிமிடத்தில் முடியும்படி பிரதியைச் சுருக்கிவிடுங்கள். பார்வையாளர்களின் சிரிப்பும், காட்சி மாறும்போது நகர்த்தப்படும் நாற்காலியும் மீதி நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் அரங்கில் நான்கு குழல் விளக்குகளும் இரண்டு ஒலிவாங்கிகளும் மட்டுமே உள்ளன. இவற்றை வைத்துக்கொண்டு நல்ல நாடகம் நடத்த முடியுமா?
– வணிகவியல் மூன்றாமாண்டு மாணவர்

பதில்: முடியும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவு, கோல் என்னும் அளவுகோலின் கணக்கில் சொல்லப்படுகிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், உள்ளே செல்லவும் வெளியே வரவும் இரண்டு வாயில்கள். அளவுகளைவிட என்னைக் கவர்ந்தது விளக்கைப் பற்றிய செய்தி. தூண்களின் நிழல் ஆடும் இடத்தில் விழாமல் புறத்தே விழும்படி விளக்குகளை நிறுத்தினார்கள் என்கிறார் இளங்கோவடிகள். விளக்கு எத்தனை என்பதைவிட நிழல் எங்கே விழுகிறது என்பதைப் பார்த்த கண் அது.

நீங்களும் அதையே செய்யுங்கள். நாடகத்துக்கு முந்தைய நாள் ஒருவரை மேடையின் ஒவ்வோர் இடத்திலும் நிற்கவைத்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர் கண்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாத இடங்களில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அங்கே நின்று முக்கியமான வசனங்களைப் பேசுவதைத் தவிர்த்துவிடுங்கள். ஒலிவாங்கியைப் பொறுத்தவரை, நடிகர்கள் அதை நோக்கி ஓடிப்போய்ப் பேசுவதைப் போல நாடகத்தைக் கெடுப்பது வேறில்லை. இருநூறு பேர் அமரும் அரங்காக இருந்தால் அதை அணைத்துவிட்டு, வெறுங்குரலில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி ஒத்திகை பாருங்கள். கத்த வேண்டியதில்லை, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் உச்சரித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

கேள்வி: புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவரின் நாடகத்தைக் கல்லூரியில் நடத்த அனுமதி பெற வேண்டுமா?
– தமிழ் மன்றச் செயலர் ஒருவர்

பதில்: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவில் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு உண்டு. கல்வி நிறுவனத்தின் செயற்பாடுகளின் பகுதியாக ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு நாடகத்தை நடிக்கும்போது, பார்ப்பவர்களும் அந்நிறுவனத்தின் ஆசிரியர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர், நிறுவனத்தோடு நேரடித் தொடர்புடையோர் என்ற அளவில் இருந்தால், அது உரிமை மீறல் ஆகாது. வெளியாட்களுக்கு அரங்கைத் திறந்துவிட்டாலோ, பதிவு செய்து இணையத்தில் ஏற்றினாலோ, இந்த விலக்கை நம்பியிருக்க முடியாது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்புகளுக்கும், அரசு நாட்டுடைமையாக்கிய படைப்புகளுக்கும் அனுமதி தேவையில்லை. ஆனால் பழைய நாடகத்தின் புதிய மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு.

சட்டம் எப்படியிருந்தாலும், ஆசிரியர் உயிரோடு இருந்தால் ஒரு கடிதம் எழுதுங்கள். தம் நாடகத்தை எங்கோ ஒரு கல்லூரியில் மாணவர்கள் நடிக்கிறார்கள் என்பதை அறியும் உரிமையாவது அவருக்கு இருக்க வேண்டும்.

கேள்வி: பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்து போகிறேன். மேடையேறியதும் பாதியில் மறந்துவிடுகிறது. இருமுறை அழுதுகொண்டே இறங்கியிருக்கிறேன். இனிப் போகவே கூடாது என்று தோன்றுகிறது.
– முதலாமாண்டு மாணவி

பதில்: உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். இருமுறை அழுதவர் மூன்றாம் முறையும் எழுதிக் கேட்கிறார் என்றால், பேச வேண்டும் என்ற விருப்பம் அவரிடம் இன்னும் இருக்கிறது என்றே பொருள். மேடை அச்சம் உங்கள் தனிக்குறை என்று எண்ணிவிடாதீர்கள். திருவள்ளுவர் அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். போர்க்களத்தில் பகைவர் நடுவே உயிர்விடுகிறவர்கள் எளிதில் கிடைப்பார்கள், அவையில் அஞ்சாமல் பேசுகிறவர்கள் அரியவர்கள் என்று அவரே சொல்கிறார்.

மனப்பாடம் ஏன் கைவிடுகிறது என்றால், அது ஒரே சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி கழன்றால் மீதி முழுவதும் கைநழுவிப் போகிறது. ஐந்து நிமிடப் பேச்சுக்கு மூன்று கருத்துகள் போதும். அவற்றை வாக்கியங்களாக எழுதாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல்லுக்குச் சொல் மனத்தில் நிறுத்துங்கள். நடுப்பகுதியை நான்கு தோழிகளிடம் நான்கு நாளில் நான்கு விதமாகச் சொல்லிப் பாருங்கள். நான்காம் முறை சொல்லும்போது, சொற்கள் மாறினாலும் கருத்து மாறவில்லை என்பதை நீங்களே உணர்வீர்கள். அதன் பிறகு மேடையில் ஒரு சொல் மறந்தால் வேறு சொல் வரும். பேச்சு நின்றுபோனாலும் அவசரப்படாதீர்கள். மேடையில் உங்களுக்கு ஒரு யுகமாகத் தோன்றும் இடைவெளி, கேட்பவருக்கு ஒரு மூச்சு அளவே.

கேள்வி: கவியரங்கில் கைதட்டல் வாங்குவது எப்படி?
– முதுகலை மாணவர்

பதில்: கடைசி வரியைத் திருப்பிப் படித்தால் கைதட்டுவார்கள், அதற்காகவே கடைசி வரியை எழுதாதீர்கள். உங்கள் கவிதையை வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் குரல் இல்லாமலும் அது நின்றால் அரங்குக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: என் மகள் நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். ஒத்திகை என்று தாமதமாக வருகிறாள். வருகைப்பதிவும் குறைகிறது. படிப்பு கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன். தடுக்கலாமா?
– ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது, அதற்கு விடை சொல்ல வேண்டிய கடமை கல்லூரிக்கும் இருக்கிறது. ஒத்திகை எந்த நாளில், எத்தனை மணி வரை, எந்த ஆசிரியரின் பொறுப்பில் நடக்கிறது என்று எழுதிய அட்டவணையை மகளிடம் கேளுங்கள். அப்படி ஓர் அட்டவணை இல்லை என்றால் குறை மகளிடம் இல்லை, நடத்துபவர்களிடம். பங்கேற்கும் நாள்களுக்கு வருகைச் சலுகை உண்டா என்பதையும் துறைத்தலைவரிடம் முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. விழா முடிந்த பிறகு கேட்டால் பயனிருக்காது.

தடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். வாய்ப்பிருந்தால் ஒரு நாள் ஒத்திகையைப் போய்ப் பாருங்கள். வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த பத்துப் பேர் ஒரே வாக்கியத்தை எப்படிச் சொல்வது என்று ஒரு மணி நேரம் வாதிட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்று, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதைக் காண்பீர்கள். வகுப்பறையில் அதற்கு நேரம் கிடைப்பது அரிது. அதைக் கண்ட பிறகும் தடுக்கத் தோன்றினால், காரணத்தை மகளிடம் நேராகச் சொல்லுங்கள். அவளும் தன் காரணத்தைச் சொல்லட்டும்.

கேள்வி: பரிசு அறிவித்தால் நூறு பேர் வருகிறார்கள், பரிசில்லாத இலக்கியக் கூட்டத்துக்கு ஆறு பேர். இதை எப்படி மாற்றுவது?
– கல்லூரி ஆசிரியர்

பதில்: அந்த ஆறு பேரை விட்டுவிடாதீர்கள் ஐயா. நூறு பேரை வரவழைக்கும் ஆற்றலை ஆறு பேரைத் தக்கவைப்பதில் செலவிடலாம். தமிழ்நாட்டின் நவீன நாடகத்தில் 1977ஆம் ஆண்டு ஒரு திருப்பம். காந்திகிராமத்தில் அந்த ஆண்டு நடந்த நாடகப் பயிற்சி முகாமில் பரிசோ போட்டியோ இல்லை; பயிற்சி மட்டுமே இருந்தது. அதில் நாடக இயக்குநர் சே. இராமானுஜம் போன்றவர்கள் கற்பித்தார்கள். அங்கிருந்து புறப்பட்டவர்கள் தம் ஊர்களில் குழுக்களை உருவாக்கினார்கள். நாடகாசிரியர் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

மாதம் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு நாடகத்தைப் பாத்திரம் பிரித்து உரக்க வாசிக்கும் கூட்டமாக அதை மாற்றிப் பாருங்கள். தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை எதுவும் வேண்டாம். தொடக்கத்துக்கு மனோன்மணீயத்தின் சில பகுதிகளை எடுக்கலாம். நம் விழாக்களில் முதலில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து, 1891இல் வெளியான அந்த நாடக நூலின் பாயிரத்திலிருந்து வந்தது, எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை உங்களைப் போல ஒரு கல்லூரிப் பேராசிரியர். நாள்தோறும் பாடும் பாட்டுக்குப் பின்னால் ஒரு முழு நாடகம் இருக்கிறது என்று பல மாணவர்களுக்குத் தெரியாது. அதை அவர்கள் குரலிலேயே கேட்கவைத்தால் ஏழாவது ஆள் வரக்கூடும். போட்டிகளை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நடுவர்கள் மதிப்பெண்ணோடு இரண்டு வரிக் கருத்தையும் எழுதித் தர வேண்டும் என்று விதி செய்யுங்கள். தோற்றவர் கையில் கோப்பை இல்லாவிட்டாலும் அடுத்த ஒத்திகைக்கு உதவும் ஒரு தாளாவது இருக்கும்.

கேள்வி: சென்ற ஆண்டு நாங்களே எழுதி நடித்த நாடகத்தின் பிரதி இப்போது யாரிடமும் இல்லை. மறுபடியும் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். என்ன செய்வது?
– இறுதியாண்டு மாணவர்

பதில்: உடனே நடித்தவர்கள் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் தம் வசனமும், அதற்கு முன் பேசியவரின் கடைசிச் சொல்லும் நினைவிருக்கும். அவற்றைக் கோத்தால் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடும். பம்மல் சம்பந்த முதலியார் தம் நாடக மேடை நினைவுகளை எழுதிவைத்திருக்காவிட்டால், அந்தத் தொடக்க கால ஒத்திகைகளைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்கக்கூடியது மிகக் குறைவு. இம்முறை பிரதியோடு, யார் எங்கே நின்றார்கள், எந்தக் காட்சி ஏன் மாற்றப்பட்டது என்ற குறிப்புகளையும் ஒரே ஏட்டில் எழுதுங்கள். ஒரு படியைத் தமிழ் மன்றத்திலும் இன்னொரு படியை நூலகத்திலும் கொடுத்து, நூலகரிடம் பதிவெண் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஆண்டோடு நீங்கள் கல்லூரியை விட்டுப் போய்விடுவீர்கள். அடுத்த ஆண்டு நடிக்கப்போகும் முதலாமாண்டு மாணவர் ஒருவருக்கு அந்தப் பதிவெண் தேவைப்படும்.