கையெழுத்துப் போட்டால் நான் பொய் சொன்னதாகிவிடுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் நின்றபோது ஒரு பாமசியில் ஃப்ளூ தடுப்பூசி போட்டேன். அன்றிரவே தோள் பிடித்துக்கொண்டது. மூன்று வருடமாகிறது, கை இன்னும் தலைக்கு மேலே போகாது. அம்மாவின் அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனபோது தங்கச்சிதான் எனக்கு வாளியால் ஊற்றிவிட்டாள். அங்கே போட்ட இழப்பீட்டு வழக்கைச் சமரசமாக முடிக்க ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார்கள். ஆனால் இது ஊசியால் வந்தது என்பதை அரசு ஏற்கவில்லை என்று அந்தத் தாளிலேயே இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: அன்புள்ள அக்கா, அந்த வரி உங்களை எவ்வளவு நோகடித்திருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. அமெரிக்க அரசின் தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டத்தில் கொடுக்கப்படும் இழப்பீடுகளில் ஏறத்தாழ 60 சதவீதம் இப்படிப் பேசித் தீர்த்தவைதான். அந்தத் தாள்களில் இந்த வரி வழக்கமாக வரும். உங்களை யாரும் பொய்க்காரி என்று சொல்லவில்லை. ஊசியைத் தோளில் கொஞ்சம் மேலே குத்திவிட்டால் மூட்டுப் பக்கம் வீங்கிக் கை இறுகும் என்பதை அந்த அரசே 2017இல் ஊசியால் வரும் பாதிப்புகளின் பட்டியலில் சேர்த்தது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும் என்பார்கள். உங்களுக்கு அன்றிரவே தொடங்கிவிட்டதே.

சரி, தொகை. வலிக்கும் வேதனைக்கும் அதிகபட்சம் 250,000 டொலர். அது மேல் எல்லை மட்டும்தான். மருத்துவச் செலவும் இழந்த வருமானமும் தனிக் கணக்கு. சட்டத்தரணியின் கட்டணத்தையும் அந்தத் திட்டமே தனியாகக் கொடுக்கும், உங்கள் பணத்தில் அவர் பங்கு கேட்க முடியாது. வேண்டாம் என்று மறுத்தால் வழக்கு தீர்ப்புக்குப் போகும். கூடவும் கிடைக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம், காலமும் இழுக்கும்.

ஆனால் ஒன்று, கையெழுத்துப் போட்ட பிறகு இதே தோளுக்காகத் திரும்பப் போய்க் கேட்க முடியாது. அதனால் அவசரப்படாமல் இங்கேயே ஒரு எலும்பு வைத்திய நிபுணரிடம் காட்டி, சத்திரசிகிச்சை தேவைப்படுமா, பிசியோதெரபி இன்னும் எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். கிளினிக் கொப்பியையும் பற்றுச்சீட்டுகளையும் படமெடுத்து மகளுக்கு அனுப்புங்கள். அந்தச் செலவெல்லாம் தொகைக்குள் வந்திருக்கிறதா என்று மகளே சட்டத்தரணியிடம் நேராகக் கேட்கட்டும். வந்திருந்தால், என் மனதுக்குப் பட்டது, தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். வராவிட்டால் மறுபடி பேசச் சொல்லுங்கள். அப்போது கன்னியாவில் நடந்ததையும் எழுதி அனுப்புங்கள். தலை பின்ன முடிகிறதா, தேங்காய் துருவ முடிகிறதா என்பதையும் சேருங்கள். வேதனைக்கான தொகையைப் பேசும்போது சட்டத்தரணிக்குக் கைகொடுக்கப் போவது இவைதான்.