செருப்பை ஏன் எடுத்து உள்ளே வைக்கிறான்?

கேள்வி: நாங்கள் காங்கேயம் பக்கம். கணவர் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். மகனுக்கு 15 வயது. எட்டாவது முடித்ததும் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் போட்டோம். ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. தினமும் வயிற்றுவலி, தூக்கமில்லை, போன் செய்தால் அழுகை. உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூட்டி வந்துவிட்டோம். வேறு பள்ளிக்கும் போக மறுத்ததால் ஒன்றரை வருடமாக வீட்டிலேயே படிக்கிறான். நான் எம்.எஸ்சி. கணிதம், நானே சொல்லித் தருகிறேன். என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவதுக்குப் பதிந்திருக்கிறோம். இப்போது வயிற்றுவலியும் இல்லை, படிப்பிலும் குறை இல்லை. என் பயம் ஒன்றுதான். நாலு பேரோடு பழகத் தெரியாமல் வளர்ந்துவிடுவானோ? கராத்தே, ஷட்டில், ஸ்போக்கன் இங்கிலீஷ், இதில் எதில் சேர்க்கலாம்? சொந்தக்காரர்களிடம் இன்னும் ஹாஸ்டலில் இருப்பதாகத்தான் சொல்லியிருக்கிறோம். என் அண்ணனுக்கே தெரியாது. ஆறாவது படிக்கும் மகளையும் அப்படியே சொல்லச் சொல்லி வைத்திருக்கிறோம். எங்கள் பக்கம் பேச்சு எப்படி என்று உங்களுக்குத் தெரியுமே. ஆனால் அவன் தொந்தரவே தருவதில்லை. விருந்தாளி வண்டிச் சத்தம் கேட்டால் தானே மாடிக்குப் போய்விடுவான். வாசலில் கிடக்கும் செருப்பைக்கூட எடுத்து உள்ளே வைத்துவிடுவான், அவ்வளவு பொறுப்பு. பிளஸ் டூ முடித்தால் காலேஜில் சேர்த்துக்கொள்வார்களா என்பதையும் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், காங்கேயம் வட்டம்

பதில்: அம்மணி, கராத்தே வேண்டாம், ஷட்டிலும் வேண்டாம். பையன் பழகுவானா மாட்டானா என்று கவலைப்பட்டு எழுதிய கடிதத்தில், போகிற போக்கில், அதுவும் பெருமையாக அந்தச் செருப்பைப் பற்றி ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். எனக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

வாசலில் ஒரு ஆண்பிள்ளைச் செருப்பு கிடக்கிறது. உள்ளே வரும் உங்கள் நாத்தனார் பார்ப்பார். அண்ணன் செருப்பு இவ்வளவு சின்னது இல்லையே, பையன் வந்திருக்கானா என்று கேட்பார். நீங்கள் திணறுவீர்கள். இத்தனையையும் அந்தப் பதினைந்து வயதுப் பையன் முன்கூட்டியே யோசித்து, வண்டி வாசலுக்கு வருவதற்குள் ஓடிப்போய்ச் செருப்பை எடுக்கிறான். இதை நீங்கள் சொல்லித் தந்தீர்களா? சொல்லித் தந்திருந்தால் அது ஒரு தப்பு. சொல்லாமலே கற்றுக்கொண்டான் என்றால் அதைவிட மோசம். முதல் தடவை நீங்கள் பதறிப்போய் எடுத்து வைத்ததைப் பார்த்திருப்பான். அம்மா பதறக் கூடாது என்று அந்த வேலையைத் தானே ஏற்றுக்கொண்டான்.

இதைப் பொறுப்பு என்கிறீர்கள். தான் அந்த வீட்டில் இருப்பதற்கான அடையாளத்தைத் தானே துடைத்துவிட்டு மாடியேறுகிற பிள்ளைக்குப் பழகத் தெரியுமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்!

வந்தவர்கள் வந்த காலோடு கிளம்புவதில்லை. காபி, பலகாரம், அப்புறம் இருந்து சாப்பிட்டுப் போங்க என்று கோழியடித்துக் குழம்பு. மூன்று மணி நேரமாவது ஆகும். அதுவரை அவன் மேலே என்ன செய்கிறான் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தீர்களா? நடந்தால் கீழே சத்தம் கேட்கும். இருமினாலும் கேட்கும். பாத்ரூம் போனால் தண்ணீர் ஊற்ற யோசிப்பான். கீழே அவன் அத்தை, "உம்பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று விசாரிப்பதும் நீங்கள் "நல்லாப் படிக்கிறானுங்க, லீவே விடமாட்டேங்கறாங்க" என்று சொல்வதும் படிக்கட்டு வழியாக அவன் காதில் விழும். அந்தக் குழம்பு அவன் தட்டுக்கு எத்தனை மணிக்குப் போனது?

அவன் முகம்கூடச் சுளிக்காமல் இருப்பது உங்களுக்கு நிம்மதியாக இருக்கிறது. எனக்கு அதுதான் பயம். அந்த வயதுப் பிள்ளை ஒரு தடவையாவது "நான் ஏன் ஒளியணும்?" என்று கத்தியிருக்க வேண்டும்.

கூட்டி வந்தது நல்ல முடிவு என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். ராத்திரி தூங்காமல் அழுகிற பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வருவது பெற்றவர்களின் கடமை. அதற்கெல்லாம் பாராட்டு கிடையாது. ஆனால் ஹாஸ்டலில் அவனுக்கு என்ன நடந்தது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஒன்றரை வருடமாகக் கணக்குச் சொல்லித் தருகிறீர்கள், இதைக் கேட்டீர்களா? அடித்தார்களா, கூடப் படித்த பையன்கள் ஏதாவது செய்தார்களா, பாடம் மட்டும்தான் தாங்கவில்லையா? கேளுங்கள். உங்களிடம் சொல்ல வரவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கான அரசு உதவி எண் அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். வயிற்றுவலி நின்றுவிட்டது என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

நம் பக்கத்து ஹாஸ்டல் மோகம் பற்றி எனக்கு வருகிற கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. "நாமக்கல்ல போட்டிருக்கோம்" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்வதற்கென்றே பிள்ளையைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் நேரே பன்னிரண்டாவதை இரண்டு வருடம் உருப்போட வைத்த பள்ளிகள் ஊரறிந்த விஷயம். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். பிராய்லர் பள்ளி என்ற பெயர் சும்மா வரவில்லை. அங்கே ஒத்துப்போகிற பிள்ளைகளும் உண்டு, மறுக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் உங்களுக்கு வெட்கம் இருக்கிறது. அந்த வெட்கத்தைச் சுமக்கிற வேலையை அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் சத்தமில்லாமல் சுமப்பதைப் பார்த்துப் பூரிக்கிறீர்கள். பதினொரு வயதுப் பெண்ணையும் "அண்ணன் ஹாஸ்டல்ல இருக்கான்" என்று பொய் சொல்லப் பழக்கியாயிற்று. நாளைக்கு அவள் உங்களிடம் ஒன்றை மறைத்தால் எந்த முகத்தோடு கண்டிப்பீர்கள்?

இன்னொன்று. உங்கள் களத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்கு அவன் வீட்டில் இருப்பது தெரியும். பால் ஊற்றுகிறவருக்குத் தெரியும், மளிகைக்கடைக்காரருக்கும் தெரியும். கிராமத்தில் ஒரு பையனை ஒன்றரை வருடம் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்க முடியும் என்று உண்மையாகவே நம்புகிறீர்களா? உங்கள் நாத்தனாருக்கு எப்போதோ தெரிந்திருக்கும். நீங்களாகச் சொல்லட்டும் என்று கேட்காமல் இருக்கிறார். அப்படிப் பார்த்தால் தன்னை வெளியே காட்டக் கூடாது என்பதை முழுசாக நம்பிக்கொண்டிருப்பது அந்த மாடியில் இருக்கிறவன் ஒருவன்தான்.

சரி, பழக்கத்துக்கு வருவோம். நம் பக்கம் வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியவர் சின்னவர் என்றில்லாமல் ஒவ்வொருவரும் எதிரே வந்து "வாங்க" என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் அதையே பத்து வருடம் சொல்லிக் காட்டுவார்கள். "வாங்க மாமா" என்று சொல்லி, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "அத்தை வரலீங்களா?" என்று கேட்டு, அவர் சொல்கிற மழை நிலவரத்தைப் பொறுமையாகக் கேட்பது. ஒரு பையன் மனிதர்களோடு பழகுவது இங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்கள் மகனுக்கு ஒன்றரை வருடமாக இது மறுக்கப்பட்டிருக்கிறது. தெரியாத பத்துப் பிள்ளைகளோடு வெள்ளை உடுப்புப் போட்டு வாரம் இரண்டு நாள் உதைக்கப் பழகுவது இதை ஈடுகட்டாது.

உங்கள் கணவர் எங்கே? களம் வைத்திருக்கிறார் என்ற ஒரு வாக்கியத்தோடு கடிதத்திலிருந்து காணாமல் போய்விட்டார். பாடம் உங்கள் பொறுப்பு, பொய்யும் உங்கள் பொறுப்பு, கவலையும் உங்களுடையது என்று விட்டுவிட்டாரா? என் கருத்தில், சொந்தத்துக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான். தன் தங்கையிடம் அவரே சொல்லட்டும். பையனைக் கூட்டி வரலாம் என்று சேர்ந்துதானே முடிவெடுத்தீர்கள்?

அப்புறம், மதியத்துக்கு மேல் அவனைக் களத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். சுமை தூக்க இல்லை. காய் எத்தனை வந்தது, தேங்காய்த் தொட்டியிலிருந்து பருப்பு எடுக்கிற பெண்களுக்கு யார் யாருக்கு எவ்வளவு கூலி, மேகம் திரண்டால் தார்ப்பாயை எந்தப் பக்கமிருந்து இழுக்க வேண்டும், இதெல்லாம் அவனுக்குத் தெரிய வேண்டும். கூலி நோட்டை அவன் கையில் கொடுங்கள். கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் அந்தப் பெண்கள் விடமாட்டார்கள், வாயாடித்தான் தீர்ப்பார்கள். பதில் சொல்லிப் பழகட்டும். அவல்பூந்துறையில் கொப்பரை ஏலத்துக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கிற ஒரே லாபம் நேரம். அதையும் நாலு சுவருக்குள் டைம்டேபிள் போட்டுக் கொல்வதாக இருந்தால் ஹாஸ்டலிலேயே விட்டிருக்கலாம்.

காலேஜ் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. சேர்த்துக்கொள்வார்கள். என்ஐஓஎஸ் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் 1989 முதல் இருக்கிற தேர்வு வாரியம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. ஒரு பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. குறைந்தது ஐந்து பாடம், தேர்ச்சிக்கு 33 சதவீதம். வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கும் மதிப்பெண் உண்டு, அதில் அசட்டையாக இருக்காதீர்கள். பத்தாவது முடித்து இரண்டு வருடம் கழித்துத்தான் பிளஸ் டூவில் ஐந்து பாடமும் முடித்த சான்றிதழ் வாங்க முடியும். சீக்கிரம் முடித்துக் கொடுக்கிறோம் என்று யாராவது சென்டர் வைத்துக்கொண்டு பணம் கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். மொழிப் பாடமாகத் தமிழை எடுக்கச் சொல்லுங்கள். டிஎன்பிஎஸ்சி எழுத நினைத்தால் அங்கே தமிழ்த் தகுதித்தாள் இருக்கிறது. இன்ஜினியரிங் ஆசை இருந்தால் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். நம் மாநிலக் கலந்தாய்வில் 200க்குப் போடுகிற கட்-ஆஃப் இந்த மூன்றிலிருந்துதான். சேர நினைக்கிற கல்லூரியில் என்னென்ன சான்று கேட்பார்கள் என்று ஒரு வருடம் முன்பே விசாரித்து வையுங்கள். சட்டம் பற்றி யாராவது பயமுறுத்தினால், 2009ஆம் வருடக் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். உங்கள் பையன் அதைத் தாண்டிவிட்டான்.

இனிச் செய்ய வேண்டியது. நாளைக்கே அத்தையை வரவழைத்து அவன் முன்னால் நிறுத்தாதீர்கள். முதலில் அவனிடம் பேசுங்கள், கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். உன்னை ஒளியவிட்டது எங்கள் தப்பு, இனிமேல் நீ மேலே போக வேண்டாம் என்று இருவரும் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் நம்பமாட்டான். அடுத்த வண்டிச் சத்தத்துக்கும் கால் தானாகப் படிக்கட்டுக்குப் போகும். அப்போது திட்டாமல் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

அப்புறம் உங்கள் அண்ணன். அவன் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமன் அவர். நாளைக்கு அவன் கல்யாணத்தில் முன்னால் நிற்கப்போகிறவரும் அவர்தான். அவருக்கே தெரியாது என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். போனில் சொல்லாதீர்கள், பையனைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். கோபப்படுவார், படட்டும். அவருக்கு அந்த உரிமை உண்டு. ஒன்றரை வருடம் ஏன் மறைத்தாய் என்றுதான் கோபம் வரும், ஏன் பள்ளியை நிறுத்தினாய் என்று வராது.

ஊரில் மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டியதும் கம்பத்தைச் சுற்றி ஆட ராத்திரியில் இளவட்டங்கள் எல்லாம் வருவார்கள். போன வருடம் அந்தக் கொட்டுச் சத்தத்தை மாடியிலிருந்து கேட்டிருப்பான். இந்த வருடம் போகட்டும். ஆடத் தெரியாவிட்டால் ஓரமாக நிற்கட்டும்.

கேட்பார்கள். "என்ன, ஹாஸ்டல் ஒத்துக்கலியா?" என்று கேட்காத சொந்தம் நம் பக்கம் கிடையாது. "ஆமாங்க, ஒத்துக்கல. வீட்ல இருந்தே படிக்கிறான்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போங்கள். அடுத்த கேள்வி மார்க்கைப் பற்றித்தான் வரும். அதற்கு நீங்கள் அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கக் கூடாது, அவனே சொல்லிக்கொள்ளட்டும்.